அட்மிஷனா, அப்சர்வேஷனா? பெரியவர்களின் மருத்துவக் காப்பீட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

இரவு பத்தரை மணி. 72 வயது அம்மா பாத்ரூம் போய்விட்டு வரும்போது தலைசுற்றிச் சரிகிறார். மகன் ஆட்டோ பிடித்து, பக்கத்தில் இருக்கும் தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறார். எமர்ஜென்சியில் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, தலைக்கு சிடி ஸ்கேன் எல்லாம் எடுக்கிறார்கள். கையில் டிரிப்ஸ் ஏறுகிறது. "பயப்படாதீங்க தம்பி, ராத்திரி பார்த்துட்டு நாளைக்கு அனுப்பிடலாம்" என்கிறார் டூட்டி டாக்டர். மறுநாள் மாலை 5 மணிக்கு வீடு திரும்புகிறார்கள். பில் 31,000 ரூபாய்.

பணம் கட்டும்போது மகனுக்குப் பெரிய கவலை இல்லை. அம்மா பெயரில் 5 லட்சம் ரூபாய்க்குப் பாலிசி இருக்கிறது. பிரீமியம் ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. ஆனால் சில வாரம் கழித்து மொபைலுக்கு வந்த செய்தி வேறு மாதிரி இருந்தது: உங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை, 24 மணி நேர உள்நோயாளி நிபந்தனை நிறைவேறவில்லை.

"அம்மா ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியிலதானே படுத்திருந்தாங்க?"

இது உதாரணத்துக்காகச் சொன்ன கதைதான். ஆனால் வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு ராத்திரி புதிதல்ல. மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பது ஒன்று, காப்பீட்டின் பார்வையில் 'உள்நோயாளி'யாக இருப்பது இன்னொன்று. இந்த வித்தியாசம் எங்கே வருகிறது, அதனால் கையிலிருந்து எவ்வளவு போகும், நாம் என்ன செய்யலாம் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஒரே கட்டில், ஐந்து வகைப் பதிவுகள்

மருத்துவமனைக்குள் போகும் ஒருவரை ஏதாவது ஒரு வகையில் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவுதான் பின்னால் கிளெய்ம் படிவத்தில் வந்து நிற்கும்.

1. புறநோயாளி. ஓ.பி. சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கித் திரும்புவது. சாதாரண மருத்துவக் காப்பீட்டில் இந்தச் செலவு கிடைக்காது. ஓ.பி. செலவுக்கெனத் தனியாகச் சேர்த்த பாலிசி என்றால் மட்டும் கிடைக்கும்.

2. அவசரப் பிரிவில் கண்காணிப்பு. மேலே சொன்ன அம்மாவின் நிலை இதுதான். கட்டில் உண்டு, டிரிப்ஸ் உண்டு, நர்ஸ் வந்து பார்ப்பார். ஆனால் அட்மிஷன் போடாமல் இருந்தால், ஏட்டில் இது புறநோயாளிச் சிகிச்சையாகவே நிற்கும்.

3. டே கேர். மயக்க மருந்தோ, மரத்துப்போகும் ஊசியோ கொடுத்து, ஒரே நாளில் செய்து அனுப்பிவிடும் சிகிச்சை. கண்புரை அறுவை சிகிச்சை இதற்கு நல்ல உதாரணம். முன்பெல்லாம் நாள்கணக்கில் படுக்க வேண்டியிருந்த சிகிச்சை, தொழில்நுட்பம் வளர்ந்ததால் சில மணி நேரத்தில் முடிகிறது. அதனால் இதற்கு 24 மணி நேர நிபந்தனை கிடையாது. டயாலிசிஸ், கீமோதெரபி போன்றவற்றையும் பாலிசிகள் பொதுவாக இதே வகையில் சேர்க்கின்றன.

4. உள்நோயாளி. அட்மிஷன் போட்டு, ஐ.பி. எண் கொடுத்து, தொடர்ச்சியாக 24 மணி நேரம் உள்ளே வைத்துச் சிகிச்சை தருவது. மருத்துவக் காப்பீட்டின் அடித்தளமே இந்த வகைதான்.

5. வீட்டிலேயே சிகிச்சை. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாத உடல்நிலை, அல்லது மருத்துவமனையில் இடமே இல்லை என்ற சூழலில், டாக்டர் மேற்பார்வையில் வீட்டில் தரும் சிகிச்சை. பெரும்பாலான பாலிசிகளில் இதற்குக் குறைந்தபட்ச நாள்கணக்கு உண்டு. ஆஸ்துமா, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றை இதில் சேர்ப்பதில்லை என்றும் பல பாலிசிகள் சொல்கின்றன. அப்பாவுக்கு வசதியாக இருக்குமே என்று வீட்டில் நர்ஸ் வைத்துக்கொள்வது இதில் வராது.

24 மணி நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது?

மருத்துவக் காப்பீட்டில் வரும் முக்கியச் சொற்களுக்கு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ பொதுவான விளக்கம் கொடுத்திருக்கிறது. அதன்படி 'மருத்துவமனையில் சேர்வது' என்றால் குறைந்தது 24 தொடர்ச்சியான 'உள்நோயாளிச் சிகிச்சை' மணிகள். டே கேர் போன்ற குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு மட்டும் விலக்கு.

இதில் 'தொடர்ச்சியான', 'உள்நோயாளி' என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். இன்று எட்டு மணி நேரம், வீட்டுக்குப் போய்விட்டு நாளை இருபது மணி நேரம் என்று கூட்டிக் கணக்குக் காட்ட முடியாது. அதேபோல், எமர்ஜென்சி வாசலுக்குள் நுழைந்த நேரம் ஒன்றாகவும், அட்மிஷன் போட்ட நேரம் வேறொன்றாகவும் இருக்கலாம். ராத்திரி 11 மணிக்கு உள்ளே வந்தவருக்குக் காலை 7 மணிக்கு அட்மிஷன் போட்டிருந்தால், எட்டு மணி நேரம் கணக்கில் காணாமல் போய்விடும். மறுநாள் அதிகாலை டிஸ்சார்ஜ் ஆனால், 24 மணி நேரத்துக்கு மேல் மருத்துவமனையில் இருந்தும் ஏட்டில் குறைவாகத் தெரியும்.

அதனால் எமர்ஜென்சியில் நிலைமை கொஞ்சம் அடங்கியதும் கேட்க வேண்டிய கேள்வி இது: "டாக்டர், இப்ப அட்மிஷன் போட்டாச்சா? இல்ல அப்சர்வேஷனா? எந்த நேரத்திலிருந்து அட்மிஷன்?" கேட்பதில் தயக்கம் வேண்டாம். வைத்தியத்தை யாரும் குறை சொல்லவில்லை, பதிவைத்தான் கேட்கிறோம்.

பாதிப்பு அந்த ஒரு பில்லோடு முடிவதில்லை. உள்நோயாளி கிளெய்ம் ஏற்கப்பட்டால், சேர்வதற்கு முன் எடுத்த பரிசோதனைகள், வீடு திரும்பிய பின் வாங்கும் மருந்து, ரிவியூ கட்டணம் ஆகியவையும் அதோடு சேர்ந்து கிடைக்கும். பல பாலிசிகளில் இது முன் 30 நாள், பின் 60 நாள். அடிப்படைக் கிளெய்மே நிராகரிக்கப்பட்டால் இந்த முன்பின் செலவுகளும் அதோடு போய்விடும்.

24 மணி நேரம் தாண்டியும் நிராகரிப்பது ஏன்?

"இரண்டு நாள் உள்ளே இருந்தோம். ஐ.பி. எண்ணும் இருக்கு. அப்புறமும் இல்லைன்னுட்டாங்க" என்று சொல்பவர்களும் உண்டு. இதற்கு வேறு காரணம் இருக்கிறது.

எல்லாப் பாலிசியிலும் பொதுவான வாசகத்தில் உள்ள விலக்குகளில் ஒன்று, பரிசோதனைக்காக மட்டுமே சேர்வது. அதாவது ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மானிட்டர் இவற்றுக்காக மட்டும் உள்ளே வைத்திருந்து, சிகிச்சை என்று எதுவும் இல்லை என்றால் பணம் கிடைக்காது. இன்னொரு விலக்கு, ஓய்வுக்காகச் சேர்வது. உடல் தேறட்டும் என்றோ, குளிக்க, உடுத்த, நடக்க உதவி வேண்டும் என்றோ மட்டும் படுத்திருப்பது இதில் அடங்கும்.

வயதானவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவதற்குக் காரணம், அவர்களுக்கு வரும் தொல்லைகளின் தன்மை. தலைசுற்றல், தள்ளாட்டம், சாப்பிடாமல் சோர்ந்து கிடப்பது, திடீரென்று பேச்சு குழறுவது. முதல் நாள் என்னவென்றே தெரியாது. பத்துப் பரிசோதனை எடுத்த பிறகுதான் உப்புச்சத்து குறைந்ததா, சிறுநீரில் கிருமியா, சின்ன பக்கவாதமா என்று தெரியவரும். டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஜெனரல் வீக்னெஸ், அப்சர்வேஷனுக்காக அட்மிஷன்" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டால், நரம்பு வழியாகக் கொடுத்த மருந்து, திருத்திய உப்புச்சத்து, நான்கு மணிக்கொரு முறை பார்த்த ரத்த அழுத்தம் எதுவும் காகிதத்தில் தெரியாது. கிளெய்ம் பார்ப்பவர் அம்மாவைப் பார்க்கவில்லை. அவர் பார்ப்பது அந்தச் சம்மரியைத்தான்.

ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று வாசியுங்கள்: என்ன தொல்லையோடு வந்தார், என்ன நோய் என்று கண்டுபிடித்தார்கள், ஏன் உள்ளே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது, என்னென்ன சிகிச்சை எந்த நாளில் கொடுத்தார்கள். நடந்த ஒன்று விட்டுப்போயிருந்தால், கிளம்புவதற்கு முன்பே சேர்த்துத் தரச் சொல்லலாம். வீட்டுக்கு வந்த பிறகு அதே திருத்தத்துக்கு நான்கு முறை நடக்க வேண்டியிருக்கும்.

"ஒரு நாள் சேர்த்துப் போட்டுக்குங்க டாக்டர்"

இதையெல்லாம் படித்ததும் சிலருக்குத் தோன்றும் யோசனை இது. 18 மணி நேரத்தில் அனுப்பலாம் என்று டாக்டர் சொன்னாலும், இன்சூரன்ஸுக்காக இன்னும் ஒரு ராத்திரி இருந்துவிடலாமே?

வேண்டாம். வயதானவர்களுக்கு மருத்துவமனையில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு நாளும் இலவசமல்ல. தொற்று வரலாம். புது இடத்தில் ராத்திரி குழப்பம் வந்து கட்டிலிலிருந்து விழலாம். படுத்தே இருப்பதால் கால் வலு குறையும். பணத்துக்காக அம்மாவை அந்த ஆபத்தில் வைப்பது எந்தக் கணக்கிலும் லாபம் இல்லை. நேரத்தை மாற்றி எழுதச் சொல்வதும், இல்லாத நோயைச் சேர்க்கச் சொல்வதும் மோசடி. அது தெரியவந்தால் அந்தக் கிளெய்ம் மட்டுமல்ல, பாலிசியே ரத்தாகலாம். அறுபது வயதுக்கு மேல் புதுப் பாலிசி எடுப்பது எவ்வளவு சிரமம் என்பது தெரிந்ததுதான்.

நாம் கேட்பது நடந்தது நடந்தபடி, நேரத்தோடு பதிவாக வேண்டும் என்பதை மட்டும்தான். 24 மணி நேரத்துக்குள் முடிந்த சிகிச்சை உண்மையிலேயே டே கேர் வகையில் வருமானால், அதை அப்படியே பதிவு செய்து கோரலாம். 2023-ல் குஜராத்தின் வதோதரா மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் இப்படி ஒரு வழக்கு வந்தது. புதிய மருந்துகளும் கருவிகளும் வந்துவிட்ட காலத்தில், 24 மணி நேரம் படுக்கவில்லை என்பதை மட்டுமே காரணம் காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது என்று அந்த மன்றம் சொன்னது. எல்லா வழக்கிலும் இதே தீர்ப்பு வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மறுப்புக் கடிதமே கடைசி வார்த்தை அல்ல என்பதற்கு இது ஒரு சான்று.

சர்க்கரை நோயால் பார்வை மங்கியவர்களுக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி, புராஸ்டேட் வீக்கத்துக்கு லேசர் சிகிச்சை, வாய்வழி கீமோதெரபி போன்ற சில நவீன சிகிச்சைகளை, உள்நோயாளியாகவோ டே கேராகவோ பாலிசிகள் ஏற்க வேண்டும் என்று ஐஆர்டிஏஐ ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. இவற்றுக்கு உச்சவரம்பு வைக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுமதி உண்டு. உங்கள் பாலிசியில் வரம்பு எவ்வளவு என்று சிகிச்சைக்கு முன்பே பாருங்கள்.

அட்மிஷன் சரி, ரூம் எது?

உள்நோயாளி என்று பதிவாகிவிட்டது. அடுத்த கேள்வி கவுண்டரில் வரும்: "எந்த ரூம் சார்?" வயதானவர் ஆயிற்றே, வசதியாக இருக்கட்டும் என்று தனி ரூம் சொல்லிவிடுவோம். இந்த ஒரு பதில் மொத்தப் பில்லையும் பாதிக்கலாம்.

பல பாலிசிகளில் ரூம் வாடகைக்கு உச்சவரம்பு உண்டு. ஐஆர்டிஏஐ வகுத்த ஆரோக்ய சஞ்சீவனி என்ற பொதுப் பாலிசியில் அது காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000 ரூபாய். சில பாலிசிகளில் 1 சதவீதம். வரம்பைத் தாண்டிய ரூம் எடுத்தால் வாடகை வித்தியாசத்தை மட்டும் நாம் கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம், நர்சிங் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் வெட்டப்படும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காப்பீட்டுத் தொகை 3 லட்சம். ரூம் வரம்பு 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். எடுத்த ரூம் 6,000 ரூபாய். நான்கு நாள் தங்கல்.

ரூம் வாடகை 24,000 ரூபாய். கிடைப்பது 12,000.
டாக்டர், தியேட்டர், நர்சிங் கட்டணம் 80,000 ரூபாய். பாதி விகிதம் என்பதால் கிடைப்பது 40,000.
மருந்து, பொருத்திய கருவி, பரிசோதனை 66,000 ரூபாய். முழுவதும் கிடைக்கும்.

மொத்தப் பில் 1,70,000. கிடைப்பது 1,18,000. வாடகை வித்தியாசம் 12,000 மட்டும்தான் என்று நினைத்தவர் கையிலிருந்து 52,000 ரூபாய் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். மருந்து, கையுறை போன்ற பயன்பாட்டுப் பொருள்கள், உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்த விகித வெட்டு போடக்கூடாது என்பது ஐஆர்டிஏஐ விதி. ஐசியு கட்டணத்திலும் போடக்கூடாது. ரூமுக்கு ரூம் கட்டணம் மாறாத மருத்துவமனையிலும் போடக்கூடாது. செட்டில்மென்ட் கடிதத்தில் இவற்றில் வெட்டு விழுந்திருந்தால் தட்டிக் கேட்கலாம்.

பெரியவர்களுக்கான பல பாலிசிகளில் 'கோ-பே' என்ற பங்குத்தொகையும் உண்டு. 20 சதவீதம் கோ-பே என்றால், மேலே கிடைத்த 1,18,000-ல் இன்னும் 23,600 குறையும். கைக்கு வருவது 94,400 ரூபாய். வரம்புக்குள் இருக்கும் ரூமை எடுத்திருந்தால் முதல் வெட்டு விழுந்தே இருக்காது. ரூம் சொல்வதற்கு முன் பாலிசியில் இந்த ஒரு வரியைப் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும்.

அரசுத் திட்டங்களில் எப்படி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமான வரம்பு 2022-ல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்தில் பதிவு செய்யலாம். இதில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகுப்புத் தொகை நிர்ணயிக்கப்பட்டிருப்பதால், மேலே பார்த்த ரூம் கணக்கு இங்கே எழாது. ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சையாக இருக்க வேண்டும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும், முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கட்டணமில்லா எண் 1800 425 3993.

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமான வரம்பு பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான பாதுகாப்பு 2024 அக்டோபர் 29-ல் தொடங்கப்பட்டது. ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் 70-ஐத் தாண்டியிருந்தால் அந்த 5 லட்சம் இருவருக்கும் பொது. தனியார் பாலிசி வைத்திருப்பது இதற்குத் தடையில்லை. பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலமும் கிடையாது. ஆனால் இங்கேயும் அதே கோடுதான்: உள்நோயாளிச் சிகிச்சைக்கும் டே கேருக்கும் உண்டு, புறநோயாளிச் செலவுக்கு இல்லை. பதிவு செய்யும் முறைக்கு 14555 என்ற எண்ணில் கேட்கலாம்.

அப்படியானால் மாதாமாதம் வரும் பிரஷர், சுகர் மாத்திரைச் செலவு? காப்பீடு தொடாத இந்த இடத்தை அரசு மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் பார்த்துக்கொள்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. சாலை விபத்து என்றால், இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

மொபைலும் கையுமாக: என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் இருக்கும்போதே: பாலிசி, ஐடி கார்டு, ஆதார், பழைய மருத்துவச் சீட்டுகளைப் படமெடுத்து, உங்கள் மொபைலிலும் உடன்பிறந்தவர் ஒருவர் மொபைலிலும் வையுங்கள். ராத்திரி யார் கூட்டிப் போவார்கள் என்று முன்கூட்டியே தெரியாது.

சேரும்போது: அட்மிஷனா, அப்சர்வேஷனா என்று கேளுங்கள். ஐ.பி. எண்ணும் அட்மிஷன் நேரமும் உள்ள தாளைப் படமெடுங்கள். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் பாலிசியைக் காட்டி கேஷ்லெஸ் கோரிக்கை அனுப்பச் சொல்லுங்கள். அவசர அட்மிஷன் என்றால் 24 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று பல பாலிசிகள் கேட்கின்றன.

காத்திருக்கும்போது: கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும், டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும் என்றும் 2024 மே மாதம் ஐஆர்டிஏஐ உத்தரவிட்டது. மூன்று மணி நேரம் தாண்டியதால் மருத்துவமனை கூடுதலாக வசூலித்தால் அதைக் காப்பீட்டு நிறுவனம்தான் ஏற்க வேண்டும்.

கிளம்பும்போது: டிஸ்சார்ஜ் சம்மரியை உட்கார்ந்து வாசியுங்கள். பெயர், வயது, சேர்ந்த நேரம், கிளம்பிய நேரம் சரியா? விவரமான பில், ரசீதுகள், பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட் நகல் வேண்டும் என்றால் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி.

"ரிஜெக்ட்" என்று வந்துவிட்டால்

முதலில் ஒரு தெளிவு. கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது என்றால் கிளெய்மே மறுக்கப்பட்டது என்று அர்த்தமில்லை. பணம் கட்டிவிட்டு, பில்களோடு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கும் வழி திறந்தே இருக்கிறது.

ரீஇம்பர்ஸ்மென்டும் மறுக்கப்பட்டால், எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு கிளெய்மை நிராகரிக்கக்கூடாது என்பது இப்போதைய விதி. பிறகு இப்படிப் போங்கள்:

முதல் படி: காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல். சிகிச்சை அளித்த டாக்டரிடம், ஏன் உள்ளே வைக்க வேண்டியிருந்தது என்று ஒரு கடிதம் வாங்கி இணைத்தால் வலு சேரும்.

இரண்டாம் படி: ஐஆர்டிஏஐ-யின் 'பீமா பரோசா' இணையதளத்தில் புகார், அல்லது 155255 எண்ணுக்கு அழைப்பு.

மூன்றாம் படி: 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமையும் உண்டு. அதற்கான வழிகாட்டுதலுக்கு 1915.

அடிக்கடி கேட்கப்படும் மூன்று கேள்விகள்

அப்பாவுக்கு சுகர் இருக்கிறது. அதைக் காட்டி எத்தனை வருடம் மறுக்கலாம்?
ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், நோயைச் சொல்லவில்லை என்று காரணம் காட்டி மறுக்க முடியாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டும் விதிவிலக்கு. பாலிசி எடுக்கும்போதே எல்லா நோயையும் எழுதிவிடுவதுதான் நல்லது.

பிரீமியம் வருடா வருடம் ஏறுகிறதே?
60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால், முதலில் ஐஆர்டிஏஐ-யைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. தனிநபர் மருத்துவப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் இல்லை. அடுத்த புதுப்பிப்பு ரசீதில் சரிபாருங்கள்.

அப்சர்வேஷன் என்று சொல்கிறார்கள். அட்மிஷன் போடச் சொல்லி வற்புறுத்தலாமா?
வற்புறுத்த வேண்டாம், கேளுங்கள். "இன்னும் எவ்வளவு நேரம் வச்சுப் பார்க்க வேண்டியிருக்கும்? சிகிச்சை ஏதும் தொடங்கியிருக்கா?" உள்ளே வைத்துச் சிகிச்சை தர வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்துவிட்டால், அட்மிஷனை அப்போதே, அந்த நேரத்திலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். வேண்டாம் என்று அவர் முடிவு செய்தால், அது அம்மாவுக்கு நல்ல செய்தி. அந்தச் செலவு நம்முடையது என்று முன்பே தெரிந்துகொண்டு, தேவையானதை மட்டும் செய்துகொள்ளலாம்.

இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு, அப்பா அம்மாவின் பாலிசியை எடுத்து ஐந்து விஷயங்களை மட்டும் பாருங்கள்: ரூம் வரம்பு எவ்வளவு, கோ-பே எவ்வளவு, டே கேர் பட்டியலில் என்னென்ன இருக்கிறது, காத்திருப்புக் காலம் எப்போது முடிகிறது, பக்கத்தில் எந்த மருத்துவமனையில் கேஷ்லெஸ் உண்டு. ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். நள்ளிரவில் ஆட்டோ பிடிக்கும்போது அந்தத் தாளையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.